"சூடு" என்றான் அந்தப் பையன்

காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் அங்கன்வாடி மைய வாசலில் மல்லிகை மணக்கும். விடியற்காலை நாலு மணிக்கே தலையில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போன அம்மாக்கள், பூவை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். சேலைக் கரை பனியில் நனைந்திருக்கும். பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு திரும்பி நடப்பார்கள். அம்மா வர முடியாத வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ கூட்டிவந்து விடும். என் பணியின் முதல் ஏழெட்டு வருஷம் அந்த அம்மாக்களின் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் 2006-இல் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்தேன். ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வயது முடிந்ததிலிருந்து ஐந்து வயது வரை, வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து பிள்ளைகள். உதவிக்கு ஒரு ஆயாம்மா. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை இந்த மையங்கள். 1982-இல் தமிழ்நாட்டில் சத்துணவும் வந்து சேர்ந்தது. அதனாலேயோ என்னவோ, ஊரில் பாதிப்பேருக்குப் பால்வாடி என்றால் சோறும் முட்டையும் கிடைக்கிற இடம். படிப்பெல்லாம் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு என்பது அவர்கள் கணக்கு. சோறு போடுவதைக் குறைத்து நான் பேசவில்லை. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாட்டும் ஏறாது. ஆனால் அந்தச் சோற்றுக்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்வது என்ன என்று வீட்டுக்குத் தெரியவில்லை. வீட்டில் நடப்பது எங்களுக்கும் தெரியவில்லை. பிள்ளை மட்டும் இரண்டு பக்கமும் தினமும் போய்வந்துகொண்டிருந்தது.

புதிதாகப் பணியில் சேர்ந்த ஒரு தங்கச்சி, "பெத்தவங்கள எப்படிக்கா வரவைக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாதம் ஒரு நாள் பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. நான் அதை மதியம் மூன்று மணிக்கு வைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கி எழும் நேரம், எனக்கு வேலை கொஞ்சம் ஓயும். சுவரில் படங்கள் மாட்டி, பாய் விரித்து, கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் கர்ப்பிணிகள், சத்துமாவு வாங்க வந்தவர்கள். "இந்த ஊர் ஆளுகளுக்குப் பிள்ளைங்க மேல அக்கறையே கிடையாது" என்று ஆயாம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆயாம்மா அதே ஊர்க்காரர். ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "டீச்சர், மூன்றரைக்கு எந்திரிச்ச ஒடம்பு. மத்தியானம் மூணு மணிக்குச் சாயாம என்ன செய்யும்?"

நான் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்க்காரி. எங்கள் ஊரில் நெல்லும் வாழையும்தான். பூக்காரர் வீட்டு நேரம் எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. என்னை மாற்றியது ஒரு பையன்.

மூன்றரை வயதில் வந்து சேர்ந்தான். அழமாட்டான், அடம்பிடிக்கமாட்டான், பேசவும் மாட்டான். பாட்டுப் பாடினால் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பெயரைக் கூப்பிட்டால் திரும்புவான், "உக்காரு" என்றால் நிற்பான். இரண்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல், "சூடு". ஆயாம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "சூடு, சூடு" என்பான். அவர் சோறு சுடுகிறது போல என்று தட்டை வாங்கி விசிறிவிட்டுக் கொடுப்பார். சாப்பாடு இல்லாத நேரத்திலும் அவன் அதையே சொன்னான். உடம்பு சுடுகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம். காய்ச்சல் இல்லை.

பதிவேட்டில் "பேச்சு வளர்ச்சி தாமதம்" என்று எழுதினேன். அடுத்த நாள் காலை அவன் அம்மா கொண்டுவந்து விட்டபோது, வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நிற்க, "ஏம்மா, இவனுக்குப் பேச்சே வரலையே, டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்று கேட்டேன். நல்லது நினைத்துத்தான் கேட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பையன் வரவில்லை.

பத்து நாள் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு தேடிப் போனேன். திண்ணையில் பாட்டி உட்கார்ந்து வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பூவைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவன். மொட்டுகளை ஒவ்வொன்றாக முறத்தில் வரிசை வைத்து, "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது" என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்து வந்ததும் பாட்டியின் முழங்கையைத் தட்டி, "அவ்வா, சூடு!" என்றான். பாட்டி பார்த்தார். அவன் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

தெலுங்கில் "சூடு" என்றால் "பார்" என்று அர்த்தம். அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக எங்களிடம் "பாருங்க, பாருங்க" என்று எதையெதையோ காட்டியிருக்கிறது. நாங்கள் சோற்றை விசிறிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு, பல தலைமுறையாக இருக்கிறார்கள். கன்னடம் பேசுகிறவர்களும் உண்டு. பெரியவர்கள் எல்லோரும் நம்மோடு நல்ல தமிழில் பேசுவதால் எனக்கு அது நினைவிலேயே இல்லை. மூன்று வயதுவரை அவ்வாவின் மடியிலேயே வளர்ந்த பிள்ளை தமிழைத் தெருவில் கேட்டிருக்கும், தன்னிடம் யாரும் பேசிக் கேட்டிருக்காது. வீட்டு மொழி என்ன என்று சேர்க்கும் நாளில் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தார். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். பிறகுதான் சொன்னார்: "பத்துப்பேரு முன்னாடி எம்பிள்ளைய ஊமைங்கற மாதிரி கேட்டுட்டீங்களே டீச்சர். ராத்திரி பூரா அவுக அப்பாவும் நானும் தூங்கலை." நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் திண்ணையில் இருந்தபடியே அவ்வாவிடம் பத்துச் சொற்கள் எழுதிக்கொண்டேன். ரா என்றால் வா, நீள்ளு என்றால் தண்ணீர், பூலு என்றால் பூக்கள். திங்கட்கிழமை அவனை வாசலில் "ரா, ரா" என்று கூப்பிட்டபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தீபாவளிக்குள் தமிழும் பேச ஆரம்பித்துவிட்டான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புதுப் பிள்ளை சேர்ந்தால் அந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போவேன். பதிவேடு கொண்டுபோக மாட்டேன், அதைப் பார்த்தாலே ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்து வைத்துவிடுவார்கள். போய் உட்கார்ந்து நாலைந்து கேள்வி கேட்பேன். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், யார் பக்கத்தில் தூங்கும், எதைக் கண்டால் பயப்படும். இன்னொரு கேள்வி மிக அவசியம்: ஒன்றுக்கு இரண்டுக்கு வந்தால் என்ன சொல்லும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொல் இருக்கிறது. அது தெரியாமல் போனால் பிள்ளை நனைத்துக்கொள்ளும், மற்ற பிள்ளைகள் சிரிக்கும், மறுநாள் வர அழும். ஒரு சொல் தெரியாததால் ஒரு வாரம் போய்விடும். பதில்களை 40 பக்க நோட்டு ஒன்றில், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று எழுதி வைப்பேன். அது அலுவலகத்துக்குக் காட்டுவதற்கில்லை. எனக்கும் ஆயாம்மாவுக்கும் மட்டும்.

பேச்சு வராத பிள்ளை எல்லாம் இந்தப் பையன் மாதிரிதான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டிலும் பேசவில்லை, எந்த மொழியிலும் பேசவில்லை என்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வருஷமே இன்னொரு பிள்ளை. பாட்டு நேரத்தில் கவனமில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. இந்த முறை அம்மாவைத் தனியாக அழைத்து, "வீட்டுல எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "டிவிக்கு முன்னாடியே போய் ஒட்டி உக்காந்துக்குறா டீச்சர். சத்தத்தக் கூட்டு கூட்டுங்குறா" என்றார். நான் பார்த்ததையும் அவர் பார்த்ததையும் சேர்த்து வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 2013-இலிருந்து தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறது. அவர்கள் பார்த்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. மருந்திலேயே சரியானது. சளி பிடித்த பிள்ளைக்குக் காதும் அடைத்துக்கொள்ளும் என்பது பல வீடுகளில் தெரியாது. வீட்டில் அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் "சொன்ன பேச்சு கேக்காதவ".

வாசல் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் மாதக் கூட்டத்தைவிட இதற்குத்தான் பலம் அதிகம்.

முன்பெல்லாம் வாசலில் நான் வாயைத் திறந்தால் புகார்தான் வரும். நகம் வெட்டவில்லை, மூக்கு ஒழுகுகிறது, நேற்று ஏன் வரவில்லை. அப்படி இருந்தால் எந்த அம்மா நின்று பேசுவார்? இப்போது விடும்போது ஒரு கேள்வி, கூட்டிப்போகும்போது ஒரு செய்தி. அதற்கு மேல் கிடையாது. "ராத்திரி தூங்குனானா?" என்பது போலக் கேள்வி. செய்தி என்றால் அந்தப் பிள்ளை அன்றைக்குச் செய்த ஒன்று, கண்ணால் பார்த்த ஒன்று. "நல்லா படிக்கிறா" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "இன்னைக்கு அவரைக்காயையும் கத்திரிக்காயையும் கலந்து வச்சேன், ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுட்டா. நீங்க காய் அரியும்போது அவகிட்ட இதக் குடுங்க" என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு வீட்டில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம், எப்படியும் காய் அரியத்தான் போகிறார்.

கூட்டிப்போக வருவது பாட்டிகள் என்றால் சொல்கிற செய்தி வீட்டுக்குப் போய்ச் சேராது, பாதி வழியிலேயே மறந்துவிடும். அதற்காகப் பிள்ளை கையில் ஒரு பொருளைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். ஒரு புளியங்கொட்டை, ஒரு வேப்பிலை, ஒரு கூழாங்கல். "இத அம்மாகிட்டக் காட்டி என்ன செஞ்சோம்னு சொல்லு" என்பேன். பாட்டிகளிடம் சொல்லியிருக்கிறேன்: கையில் இருப்பதைப் பிடுங்கிப் போடாமல் "இது என்ன சாமி?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு கொட்டையை வைத்துப் பிள்ளை பத்து நிமிஷம் பேசும். எழுதப்படிக்கத் தெரியாத அப்பத்தாக்கள் இதை எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்கள். அவர்களுக்குத்தான் கேட்கப் பொறுமை இருக்கிறது. ஒரு எச்சரிக்கை, இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொட்டை கொடுக்கக் கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்கு இலைதான்.

கூட்டத்தை மூன்று மணியிலிருந்து பதினொன்றரைக்கு மாற்றினோம். பூச்சந்தை வேலை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கிற இடைவெளி. அம்மாக்கள் வரும்போது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவார்கள். நான் பேச வேண்டிய தேவையே குறைந்துபோனது. வீட்டில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும் என்று நினைத்திருந்த பிள்ளை, முட்டையைத் தானே உரித்துத் தின்பதை அம்மா வாசல் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். என் முக்கால் மணி நேரப் பேச்சு எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. பெரிய நிகழ்ச்சி ஏதாவது வைக்க வேண்டுமானால் மார்கழி, தையில் வைக்கிறேன். பனிக்காலத்தில் பூ வரத்துக் குறைந்து பறிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் தப்பு. புதிதாகச் சேர்ந்த தங்கச்சிக்கு முதலில் சொன்னதே இதுதான்: உன் ஊரில் என்ன பயிர், எப்போது அறுப்பு, யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு தேதி குறி.

இனி எழுத்து விஷயம். இதில்தான் எனக்கும் பெற்றோருக்கும் பெரிய சண்டை.

ஒவ்வொரு ஜூனிலும் ஊருக்குள் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வரும். மூன்று வயதில் ஏபிசிடி, நாலு வயதில் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம். எங்களிடம் இருக்கும் பிள்ளை ஆடுகிறது, பாடுகிறது, களிமண் உருட்டுகிறது. எங்கள் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. அம்மாக்கள் கேட்டார்கள்: "பக்கத்து வீட்டுப் புள்ள நோட்டு நிறைய எழுதிட்டு வருது, நீங்க ஒரு அ கூட எழுத வைக்க மாட்டேங்குறீங்களே?" 2019 ஜனவரியில் அரசே 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தபோது, "அங்க மட்டும் எல்கேஜி, நமக்கு ஏன் இல்ல?" என்றும் கேட்டார்கள். அந்த ஜூனில் ஐந்து பிள்ளைகள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

மூளை வளர்ச்சி, விளையாட்டு வழிக் கல்வி என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், நம்பவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. தாங்கள் படிக்க முடியாமல் போனவர்கள், பிள்ளை எழுதுவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை மதிக்காமல் பேசினால் அவர்கள் காது மூடிக்கொள்ளும்.

ஒரு கூட்டத்தில் வேறு மாதிரி செய்தேன். மூன்று வயதுப் பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்தேன். உலக்கையைப் பிடிப்பதுபோல் மொத்தக் கையாலும் பிடித்தது. ஐந்து வயதை நெருங்கிய பிள்ளை மூன்று விரலால் பிடித்தது. பிறகு ஒரு அம்மாவிடம், "மொட்டு எப்படிக் கிள்ளுவீங்க, காட்டுங்க" என்றேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மொட்டு நசுங்கவும் கூடாது, காம்பு கிழியவும் கூடாது. "முதல் நாள் பறிக்கப் போனப்போ இப்படி வந்துச்சா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நகக்கண் வீங்கிய கதை, மொட்டு நசுங்கித் திட்டு வாங்கிய கதை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது ஒரு அம்மா சொன்னார்: "அப்ப காம்பு கிள்ளவே விரல் பழகாத புள்ளைகிட்டப் போய் ஒரு கூடைப் பூ பறின்னு சொல்ற மாதிரியா டீச்சர், இது?"

நான் பத்து வருஷம் தேடிய வாக்கியம் அது. அவர் வாயிலிருந்து வந்ததால் மற்றவர்களுக்கும் ஏறியது.

அதற்குப் பிறகு விரல் பழகும் வேலைகளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். மொச்சை உரிப்பது, பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்து உருட்டச் சொல்வது, சட்டைப் பட்டனைத் தானே போட விடுவது. பூக்கட்டும் வீடுகளில் ஒரு வெள்ளை, ஒரு பச்சை, ஒரு வெள்ளை, ஒரு பச்சை என்று மல்லிகையையும் மரிக்கொழுந்தையும் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். "அடுத்து என்ன வரணும்?" என்று கேட்டால் அது கணக்கு. ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டேன்: பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது, பறிக்க வைக்கக் கூடாது. மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்து செடியில் இருக்கும். பூவைத் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளைக்கு ஊட்டவும் வேண்டாம். இதைச் சொன்னபோது இரண்டு பேருக்குக் கோபம் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேனில் போன ஐந்து பேரில் ஒரே ஒரு பிள்ளைதான் திரும்பி வந்தது. மற்றவர்கள் வரவில்லை. அந்தப் பள்ளியிலும் நல்லபடியாக இருக்கட்டும். அந்த அம்மாக்களிடமும் வழியில் பார்த்தால் மொச்சை உரிக்கச் சொல்கிறேன்.

அப்பாக்களைப் பற்றி. "அப்பாக்களும் வரணும்" என்று எத்தனை முறை சொல்லி அனுப்பினாலும் வரமாட்டார்கள். பாயில் பெண்களோடு உட்கார்ந்து அறிவுரை கேட்க அவர்களுக்குக் கூச்சம். ஒரு முறை எடை பார்க்கும் தராசின் கொக்கி உடைந்துபோனது. பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அப்பாவை வரச் சொன்னேன். வந்தவர் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஒரு மணி நேரம் இருந்து பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போனார். பிறகு அவராகவே பழைய டயர் இரண்டைக் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தார். பூ வண்டி ஓட்டும் இன்னொருவர் மணல் கொண்டுவந்து கொட்டினார். கையில் தொழில் இருக்கிற ஆளை அந்தத் தொழிலுக்காகக் கூப்பிட்டால் தலை நிமிர்ந்து வருகிறார். வந்த இடத்தில் பிள்ளை "எங்கப்பா, எங்கப்பா" என்று எல்லோரிடமும் காட்டுவதைப் பார்த்த பிறகு, மறுபடி கூப்பிடத் தேவையில்லை.

நான் செய்த இன்னொரு தவறையும் எழுதிவிட வேண்டும். மாதாமாதம் எடை பார்ப்போம், வளர்ச்சி அட்டையில் குறிப்போம். முன்பு எடையை உரக்கப் படித்து, "இவன் குறைச்சல், இவ சரி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். குறைவான எடை என்றால் அந்த அம்மா சரியாகச் சோறு போடவில்லை என்று ஊர் பேசும். அடுத்த மாதம் எடை பார்க்கும் நாளில் அந்தப் பிள்ளை வராது. எந்தப் பிள்ளையை நாங்கள் அவசியம் பார்க்க வேண்டுமோ அதுவே வராமல் போகும். இப்போது தனியாகக் கூப்பிட்டு, அட்டையைக் கையில் கொடுத்து, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் கோடு எப்படிப் போகிறது என்று மட்டும் காட்டுகிறேன். அடுத்த பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே விதி. ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டால் அந்த வாரத்துக்குள் எல்லாப் பிள்ளையின் படமும் வந்தாக வேண்டும். இல்லையென்றால் போடவே வேண்டாம். தன் பிள்ளையைத் தேடித்தேடிப் பார்த்துவிட்டு ஃபோனைக் கீழே வைக்கும் அம்மாவின் மனசு எனக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் மையத்தை மூடியபோது, உணவுப் பொருளையும் முட்டையையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டையும் கதையையும் எப்படிக் கொடுப்பது? வீட்டுக்கு ஒரு ஃபோன், அது அப்பாவோடு வெளியே போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல் குரல் பதிவாக ஒரு சின்னக் கதை அனுப்பினேன். பாதி வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் வாசல் பேச்சு பழகியிருந்த வீடுகளில் அம்மாக்களே பிள்ளையின் குரலைப் பதிந்து திருப்பி அனுப்பினார்கள். முன்னமே பேச்சுவார்த்தை இருந்த இடத்தில்தான் ஃபோன் உதவியது.

என்னால் முடியாமல் போனதும் உண்டு. வருஷத்தில் ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போய்விடுகிற இரண்டு குடும்பங்கள். பிள்ளை வரும், ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் போய்விடும். அங்கே பக்கத்தில் எந்த மையம் இருக்கிறது என்று கேட்டு, ஒரு தாளில் பிள்ளையின் பழக்கங்களை எழுதிக் கொடுத்தனுப்பினேன். அதை யாரும் வாங்கிப் படித்தார்களா என்று கேட்டால், அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தினமும் குடித்துவிட்டு வரும் ஒரு அப்பாவிடம் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொன்னதில் அந்தக் குடும்பத்தின் பகையும் வந்தது. அதில் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். யார் கையில் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே அம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதிவைத்திருந்ததால்தான் அப்படி உறுதியாக நிற்க முடிந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. செயலியில் பதிவு, உணவுக் கணக்கு, கர்ப்பிணிகள் பட்டியல், தடுப்பூசி நாள் என்று எங்கள் பொழுது போய்விடுகிறது. பெற்றோரோடு பேசுவதை வேலையாகக் கணக்கிட எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. வாசலில் பிள்ளைக்கு ஒரு நிமிஷம் என்றாலும் இருபது நிமிஷம் ஆகிறது. அதற்காக ஒன்பதரைக்குத் திறக்கும் முன்பே சுவர் வேலை, தண்ணீர் வேலையை ஆயாம்மாவும் நானும் முடித்துவிடுவோம். பத்து மணிவரை பதிவேட்டைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மேற்பார்வையாளர் வந்தபோது ஒருமுறை கேட்டார், சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

"சூடு" சொன்ன அந்தப் பையன் இப்போது பெரிய பள்ளியில் படிக்கிறான். அவன் அவ்வா வெள்ளிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்வார், பாதி தமிழ், பாதி தெலுங்கு. போன ஜூனில் அவன் சித்தி மகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூட்டிவந்தது அவன் அம்மாதான். பிள்ளையை இறக்கிவிட்டவர் திரும்பி நடக்கவில்லை. சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்: "டீச்சர், நோட்ட எடுங்க. இவளுக்கு ரெண்டு பாஷையும் வரும், ஆனா கோவம் வந்தா தெலுங்குதான். ஒண்ணுக்கு வந்தா வாயத் தொறக்கமாட்டா, ஒத்தக் கால்ல நிப்பா, பாத்துக்கங்க. இடி இடிச்சா அவ்வாவக் கேப்பா..."

நான் நோட்டை எடுக்க உள்ளே போனேன்.